சத்தியக் கடதாசி

பேசாலை,
14.01.1978

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் சுகம். உங்களையும் அண்ணையையும் பிள்ளைகளையும் மாதா கைவிடாமல் காக்க வேண்டும்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மலேசியாவில் கிள்ளானிலிருந்து சூசையப்பு என்பவர் என்னைப் பெண் கேட்டிருக்கிறார். தகப்பன் இங்கே வங்காலை ஆள். இவர் மலேசியாவிலேயே பிறந்து அந்த நாட்டுப் பிரசை. மனைவி இறந்து மூன்று வருடம். நத்தார்ப் பெருநாளுக்கு இங்கே வந்திருந்தபோது, நான் சமைக்கிற கன்னியர் மடத்தில் என்னைக் கண்டவர். உங்கள் தம்பி தனியே கடலுக்குப் போய்த் திரும்பாமல், போன கார்த்திகையோடு ஏழு வருடம் முடிந்துவிட்டது. எனக்கு முப்பத்தாறு வயது. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பிறநாட்டாரைக் கலியாணம் முடிப்பதென்றால் பதிவுக் கந்தோரில் கேட்கிற கடதாசிகள் கொஞ்சமில்லை. அவருடைய பிறப்புப் பத்திரம், பாஸ்போட் பிரதி, மனைவியின் மரணப் பத்திரம், வேறு கலியாணம் இல்லை என்று அந்த அரசாங்கம் கொடுத்த கடிதம் எல்லாம் வரப்போகின்றன. என் பக்கத்தில்தான் குறை. உங்கள் தம்பியின் உடல் கிடைக்காததால் மரணப் பத்திரம் இல்லை. ஏழு வருடமாக அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லையென்று இரத்த உறவு ஒருவர் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தால், அதை வைத்து, அவர் இறந்தவர் என்று தீர்க்கும்படி கோட்டில் நீதிபதியிடம் கேட்கலாம் என்று வழக்குப் பேசுகிற புறக்கிராசி ஐயா சொன்னார். மாமாவும் மாமியும் போய்விட்டார்கள். நீங்கள் ஒருவர்தான் மிச்சம். ஒரு நாள் மன்னாருக்கு வந்து கையெழுத்து வைத்தால் போதும்.

உங்கள் அன்பு
மதலேனா


இலுப்பைக்கடவை,
02.02.1978

அன்பு மதலேனா,

கடிதம் கிடைத்தது. அந்த மனுசன் நல்லவராக இருக்கட்டும்.

இங்கே என்னுடைய மனுசன் கால் வீங்கி நடக்க ஏலாமல் கிடக்கிறார். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை. நான் வீட்டை விட்டு அசைய முடியவில்லை. சித்தப்பாவின் மகன் கையெழுத்து வைத்தால் ஆகாதா? கேட்டுப் பார். தபசுகாலத்தில் கலியாண அலுவல் பார்ப்பதும் சரியில்லை. பாஸ்காத் திருநாள் முடியட்டும்.

றோசம்மா


பேசாலை,
09.03.1978

அன்புள்ள மச்சாளுக்கு,

சித்தப்பாவின் மகன் ஆகாதாம். உங்கள் தம்பி உயிரோடிருந்தால் யாருக்கு எழுதியிருப்பாரோ, அவர்தான் சொல்ல வேண்டுமாம். அது நீங்கள்தானே.

போன சனிக்கிழமை பஸ் எடுத்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். அம்மா வயலுக்குப் போய்விட்டா என்று மகள் சொன்னாள். கடைசி பஸ் வரைக்கும் இருந்தேன். தேத்தண்ணி தந்தாள், முகத்தைப் பார்க்காமல். உங்கள் செருப்பு வாசலில் கிடந்தது.

சூசையப்புவுக்கு அரசாங்கம் கொடுத்த கடிதம் சித்திரை முடிவோடு காலாவதியாகிவிடும். மறுபடி எடுக்க அவர் அலைய வேண்டும். உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். வருடா வருடம் உங்கள் தம்பிக்கு ஆத்துமப் பூசை வைக்க முன்னுக்கு நின்றது நீங்கள். இப்போது அவர் இல்லையென்று எழுதிக் கொடுக்க ஏன் பின்னுக்கு நிற்கிறீர்கள்? நான் இன்னொருவரை முடிப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் அதையாவது சொல்லிவிடுங்கள்.

மதலேனா


இலுப்பைக்கடவை,
29.03.1978

மதலேனா,

அன்றைக்கு நான் அறைக்குள்ளேதான் இருந்தேன். நீ பஸ்சுக்கு நடந்து போனதை யன்னலால் பார்த்தேன்.

நேற்று உனக்குச் சொல்லாமல் மன்னாருக்குப் போனேன். புறக்கிராசி கடதாசியை எழுதி வைத்திருந்தார். "ஒரு தகவலும் எனக்குக் கிடைக்கவில்லை" என்று வாசித்துவிட்டு வேதப்புத்தகத்தை நீட்டினார். என்னால் கை வைக்க முடியவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தம்பி பேதுரு உயிரோடு இருக்கிறான்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு ஆடியில், கடலுக்கு அக்கரையிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து எனக்கு எழுதினான். காற்றில் அள்ளுண்டு போனவனை அங்கத்தைய ஆட்கள் கரை சேர்த்திருக்கிறார்கள். பிறகு அங்கேயே ஒருத்தியோடு இருந்துவிட்டான். ஒரு பெண்பிள்ளையும் இருக்கிறது. "அக்கா, மதலேனாவுக்குச் சொல்லாதேங்கோ. செத்தவன் எண்டே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தான். அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. கைவிடப்பட்டவள் என்று ஊர் உன்னைப் பார்ப்பதிலும் விதவை என்று பார்ப்பது உனக்கு லேசு என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு கார்த்திகையும் பூசையில் உன் பக்கத்தில் முழந்தாளில் இருந்தேன்.

அவனுடைய கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். வாசித்துவிட்டுச் சொல். நீ வா என்றால் வந்து சத்தியம் பண்ணுகிறேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

றோசம்மா


பேசாலை,
17.04.1978

றோசம்மா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அவருடைய கையெழுத்துத்தான்.

நீங்கள் வர வேண்டாம். உயிரோடிருக்கிறவரைச் சாகடித்துவிட்டு நான் இன்னொரு நாட்டில் போய்க் குடும்பம் நடத்த மாட்டேன். சூசையப்புவின் கடதாசிகள் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். என் கணவர் இறக்கவில்லை என்று மட்டும் எழுதினேன். அதற்குமேல் எழுத வரவில்லை. எப்போது பயணம் என்று மடத்து மதர் கேட்டா. "நான் போகேல்லை, மதர்" என்றேன்.

உங்கள் தம்பி செய்ததை நினைத்து அழுகை வரவில்லை. நீங்கள் என் பக்கத்தில் முழந்தாளில் இருந்ததை நினைத்தால்தான் வருகிறது. ஐந்து வருடம், அக்கா. முப்பத்தொரு வயதில் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஏதாவது செய்திருப்பேன்.

அவருடைய கடிதத்தை உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். விலாசத்தை நான் எழுதி வைக்கவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

இன்று விடிய அலுமாரியைத் திறந்தேன். உள்ளே எல்லாம் ஏழு வருடமாகத் துக்கத்துக்குக் கட்டுகிற கறுப்புச் சேலை. இனி எதைக் கட்டுவது, ஏன் மாற்றினாய் என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கனநேரம் நின்றேன். மடத்தில் மணி அடித்தது. கறுப்பையே கட்டிக்கொண்டு சமைக்கப் போனேன்.

மதலேனா