மூன்றாம் மாடியிலிருந்து இறக்குவது பற்றி

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். துணி காய வழியில்லை. பால்கனியில் கொடி கட்டக்கூடாது (விதி 6). ஹாலில் நாற்காலி முதுகுகளில் துளசியின் நைட்டி இரண்டு, துண்டு மூன்று, படுக்கை விரிப்பு ஒன்று.

இன்றைய வேலை: ஆக்ஸிஜன் உருளைக்கு ஃபோன். மகள் கவிதாவிடம் ரப்பர் விரிப்பு கேட்க. குடியிருப்புச் சங்க அலுவலகத்துக்கு மனு எழுத.

நேற்று துளசியைக் கோவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "இனி இங்க வெச்சு ஒண்ணும் பண்றதுக்கில்லீங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. பத்து நாளோ, பன்னெண்டு நாளோ." நுரையீரல் இரண்டும். முப்பது வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனிப் பஞ்சுத் தூசியில், ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தவள்.

லிஃப்ட் ரிப்பேர். ஸ்ட்ரெச்சர் படித் திருப்பத்தில் திரும்பவில்லை. நாற்காலியில் வைத்து மூன்று மாடியும் படியில் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்குள் வந்து, மூச்சு வாங்கி அடங்கியதும் முதலில் சொன்னது:

"ஏனுங்க, என்னைய மறுக்காக் கீழ எறக்கீராதீங்க."

"இனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்" என்றேன்.

"ஆஸ்பத்திரிய ஆரு கேட்டா? நாஞ் செத்த பொறவு. அந்தக் காருக்கு நடுவால என்னையக் கெடத்தாதீங்க. இந்த ஊட்டுல இருந்தே போறனுங்க."

விதி 14 நான் எழுதியது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம்.

விதி 14. புத்தகத்தைப் பார்க்காமலே எழுத வரும்: "குடியிருப்பில் மரணம் நேரின் ஒரு மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, உடலைத் தரைத்தள வாகன நிறுத்துமிடத்துக்கு இறக்கிவிட வேண்டும். வெளியில் இறந்தவர் உடலை மாடிக்கு ஏற்றக்கூடாது. தரைத்தளத்தில் நான்கு மணி நேரத்துக்கு மிகாமல் வைக்கலாம். மேளம், ஒலிபெருக்கி, உரத்த அழுகை கூடாது. எவருக்கும் விதிவிலக்கு இல்லை."

நல்ல தமிழ். ஐந்தாவது வரை படித்த, பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் எழுதியது என்று அன்று யாரும் நம்பவில்லை. நான்கு பிளாக், நூற்று அறுபது வீடு, ஆளுக்கொரு நியாயம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்தான் முதல் செயலாளர். கூட்டுறவுச் சங்கத்துப் பழைய புத்தகங்களை நானே படித்து, நானே எழுதினேன். நாற்பத்திரண்டு விதி. பதினான்குக்குக் காரணங்கள் உண்டு. லிஃப்டில் உடலைப் படுக்க வைக்க முடியாது. சின்னக் குழந்தைகள் பயப்படும். எதிர் வீட்டில் அன்றைக்கே பெண் பார்க்க வந்திருப்பார்கள். எல்லாம் சரியான காரணங்கள். இப்போது யோசித்தாலும் சரியாகவே இருக்கின்றன.

மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போதைய செயலாளர் பிரகாஷ், ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர். இரண்டு தடவை படித்தார்.

"மாஸ்டர், விதிய மாத்தோணும்னா பொதுக்குழு கூட்டோணுங்க. இருபத்தொரு நாள் நோட்டீஸ்."

"தெரியும்."

"அதும் நீங்க வெச்சதுதானுங்களே."

"தெரியும்னு சொல்றேனுங்கல்ல."

வருகிற செயலாளரெல்லாம் இஷ்டத்துக்கு விதியை மாற்றிவிடக் கூடாது என்று நான் போட்ட பூட்டு. இருபத்தொரு நாள். டாக்டர் சொன்னது பத்து, பன்னிரண்டு.

நவம்பர் 5, புதன்

ஆக்ஸிஜன்காரரைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். கேட் ஆப்பில் அவர் பெயர் இல்லையாம். வாட்ச்மேன் ஒடிசாக்காரர். "ஓ.டி.பி. நம்பர் போலோ, சாப்." கண்ணாடி இல்லாமல் நம்பர் தெரியவில்லை. கீழே இறங்கிப் போய் நேரில் கத்தினேன். அவர் கைகூப்பினார், ஆனால் விடவில்லை. நம்பரைப் படித்துச் சொன்ன பிறகுதான் தடுப்புக் கம்பு மேலே போனது.

அடுத்து சர்வீஸ் லிஃப்ட். பத்து மணி முதல் நான்கு மணி வரைதான். அப்போது ஒன்பதே கால். உருளையும் உருளைக்காரரும் முக்கால் மணி நேரம் கீழே.

"பெரியவரே, இந்தச் சட்டமெல்லாம் எந்தப் புண்ணியவான் போட்டதுங்க?" என்றார்.

மணி பத்தாகும்வரை லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துளசி இரண்டு ஸ்பூன் பால். காலில் வீக்கம்.

நவம்பர் 6, வியாழன்

மறுபடி மழை. எதிர் வீட்டு ஞானம்மாள் கஞ்சி கொண்டு வந்தார். திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலையில் வருகிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். மகன் செல்வின் நிட்டிங் மில்லில் சூப்பர்வைசர்.

"மதினி, ரெண்டு வாய் குடிங்க. கருப்பட்டி போட்டிருக்கேன்லா."

"உங்க கருப்பட்டிக்காகத்தான் உசிரக் கையில புடிச்சிட்டு இருக்கறனுங்க" என்கிறாள் இவள். இருவருக்கும் சிரிப்பு. இவளுக்குச் சிரித்தால் இருமல்.

என்னிடம் ஞானம்மாள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். "வாங்க அண்ணாச்சி," "ஆமா அண்ணாச்சி." அதற்கு மேல் இல்லை. காரணம் உண்டு. எழுதிவிடுகிறேன்.

அவர் கணவர் இறந்தது நான் செயலாளராக இருந்தபோது. இதேபோல ஐப்பசி மழை. ஆஸ்பத்திரியில் இறந்தவரைச் சவப்பெட்டியில் கொண்டுவந்தார்கள். அரை மணி நேரமாவது வீட்டுக்குள் வைக்க வேண்டும் என்று செல்வின் கேட்டான். அவன் அன்று அழவில்லை, கெஞ்சினான். நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு காருக்கு நடுவில் பெஞ்சு போட்டு வைத்தார்கள். பாஸ்டர் ஜெபம் சொல்லும்போது தண்ணீர் லாரி உள்ளே வந்தது. பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. நான்கு மணி நேரம் ஆனதும் நானே போய், "நேரம் ஆச்சுங்க" என்றேன். பம்பாயிலிருந்து அவர்கள் மகள் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது மண் தள்ளி முடிந்திருந்தது.

துளசி அன்று கீழே காபி கொண்டுபோனாள். போகாதே என்றேன். போனாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நவம்பர் 8, சனி

நேற்று எழுதவில்லை. துளசிக்குக் காய்ச்சல்.

பிரகாஷ் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆப்பிள், ஹார்லிக்ஸ். கவிதாவும் இருந்தாள்.

"மாஸ்டர், செயற்குழுவுல பேசிட்டமுங்க. எழுத்துல ஒண்ணும் வேண்டாம். அந்த நேரம் வந்துச்சுன்னா நீங்க மேலயே வெச்சுக்கங்க. நாங்க கண்டுக்க மாட்டம்."

"கண்டுக்காம உடறதுக்கு எதுக்குங்க விதி?"

"அப்பா!" என்றாள் கவிதா.

"செல்வினோட அப்பாவுக்கு அன்னைக்கு ஆரு கண்ண மூடிட்டா? நானா மூடினேன்?"

பிரகாஷ் எழுந்து போய்விட்டார். கவிதா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு அம்மா பெருசா, புஸ்தகம் பெருசா?" அவள் அழுதுகொண்டே ஆப்பிள் வெட்டினாள். தன் வீட்டுக்குக் கூட்டிப் போகவும் வழியில்லை. மங்கலத்தில் வாடகை வீடு, ஓனர் சம்மதிக்க மாட்டார்.

மாலை. லிஃப்டில் செல்வின். எதிர்பார்க்கவில்லை. மூன்று மாடியும் ஒன்றாக ஏற வேண்டியதாயிற்று.

"சார், பிரகாஷ் சொன்னாப்ல. நீங்க மேலயே வைங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று புரிந்தது. அன்றைக்கும் இதே வாக்கியம். கதவு திறந்தது. அவன் எனக்கு வழிவிட்டு நின்றான்.

அவன் திட்டியிருந்தால் எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

நவம்பர் 10, திங்கள்

காய்ச்சல் இறங்கியது. வெயில்.

துளசியிடம் கேட்டேன், அவிநாசிப் பக்கம் அவள் அண்ணன் தோட்டத்துக்குப் போகலாமா என்று. அங்கே களம் இருக்கிறது, பந்தல் போடலாம், கேட்க ஆளில்லை.

"கட்டிக் குடுத்து நாப்பத்தெட்டு வருசமாச்சு. பொறந்த ஊட்டுல போயிச் சாவறதா? ஊரு என்ன சொல்லும், ஊடில்லாதவனுக்கா வாக்கப்பட்டான்னு கேக்காதா?"

பிறகு கொஞ்ச நேரம் கழித்து:

"நாப்பத்திரெண்டு எழுதுனீங்களே, அதுல ஒண்ணு எனக்குன்னு எழுதியிருக்கலாமுல்லங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். பால் பொங்கவில்லை, ஆனாலும் அடுப்பு முன் நின்றேன்.

அவள் கேட்பது நியாயம். செல்வினுக்கு நான் செய்ததும் அன்றைக்கு நியாயம் என்றே செய்தேன். அவன் அப்பாவைக் கீழே போட்டுவிட்டு என் பெண்டாட்டியை மட்டும் மேலே வைத்தால் நான் யார்? கீழே இறக்கினாலும் நான் யார்? இரண்டு பக்கமும் வெட்டிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கமும் துணி போதவில்லை.

நவம்பர் 12, புதன்

காலை எட்டு முதல் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் பொது விளக்குக்கும் லிஃப்டுக்கும் மட்டும் (விதி 31). வாடகைக்கு எடுத்த, கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மிஷின் நின்றது. உருளையை மாட்டினேன். திருகு பிடிபடவில்லை. எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவசரப்படுத்தாமல்.

மதியம் அவள் தூங்கியபோது இஞ்ச் டேப் எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன். படியின் அகலம் மூன்றடி பத்தங்குலம். திருப்பத்தில் நாலடி ரெண்டங்குலம். திருப்பம் ஆறு. துளசியின் உயரம் ஐந்தடி ஒன்று. நேராகப் படுக்க வைத்துத் திருப்ப முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் தலைப்பக்கம் தூக்கிச் சாய்க்க வேண்டும், முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். ஆயுள் முழுவதும் துணி மேல் அளவு அட்டை போட்டுப் பார்த்த கை. தானாகவே கணக்குப் போட்டுவிட்டது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேலே ஏற வெகு நேரம் ஆயிற்று. யாரோ ஒரு பெண் செருப்புச் சத்தத்தோடு இறங்கி வந்து, "தாத்தா, படியில உக்காரக்கூடாதுங்க, போர்டு போட்டிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் 13, வியாழன்

கா. 6.20. போய்விட்டாள். கை என் முழங்கை மேல் இருந்தது. கை கனத்தது. கடிகாரத்தைப் பார்த்தேன்.

மிஷினை நிறுத்தினேன். வீடு இவ்வளவு அமைதியானது என்று மறந்திருந்தேன்.

6.50. வெந்நீரில் முகம் துடைத்தேன். தலை வாரினேன், வகிடு நேராக வரவில்லை. பொட்டு வைத்தேன். தாடைக்குத் துணி கட்டினேன். வெளியே மேகம்.

7.20. ஒரு மணி நேரம் முடிந்தது. அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. கவிதாவுக்கும் இல்லை. சொன்னால் கத்திக்கொண்டு வருவாள், கேட்டிலேயே தெரிந்துவிடும். மச்சானுக்குச் சொன்னால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வண்டி வண்டியாக வருவார்கள்.

சொல்லாத வரைக்கும் இவள் இங்கே இருக்கலாம். எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

8.00. ஸ்கூல் வேன் ஹாரன். தண்ணீர் லாரி. மேல் வீட்டில் மிக்ஸி.

8.30. இது சரியில்லை. இழவு வீடு என்றால் நாலு பேர் வேண்டும். ஒரு பெண்ணாவது பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும். அவள் கேட்டது வீட்டிலிருந்து போக வேண்டும் என்று. யாருக்கும் தெரியாமல் கிடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்கு அழ வரவில்லை.

9.10. மணி அடித்தது. ஞானம்மாள். கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தார்.

"எப்போ அண்ணாச்சி?"

"ஆறு இருபது."

"மூணு மணி நேரமாவா மதினி தனியா கெடக்காவ?"

"நான் இருந்தேனுங்க."

"நீங்க இருந்தா போதுமா!"

உள்ளே போனார். தலைமாட்டில் உட்கார்ந்தார். முக்காடு போட்டுக்கொண்டு ஜெபம் சொல்வார் என்று நினைத்தேன். அழத் தொடங்கினார், வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு. துளசியின் பெயர் சொல்லி அழுதார். நடுவில் தன் வீட்டுக்காரர் பெயரும் வந்தது. மழையில போட்டோமே, கார் நடுவுல போட்டோமே என்றார். யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். பிளாக் முழுவதும் கேட்கும். நான் தடுக்கவில்லை. கவிதாவுக்கு ஃபோன் செய்தேன். மச்சானுக்கும்.

9.35. இன்டர்காம். பிரகாஷ்.

"மாஸ்டர், சத்தம் வருதுன்னு சொல்றாங்க... அம்மாங்களா?"

"ஆமாங்க. ஆறு இருபதுக்கு."

நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஒம்போதேகாலுன்னு எழுதிக்கறனுங்க மாஸ்டர்."

"ஆறு இருபதுன்னே எழுதுங்க. சொல்லாம வெச்சிருந்தேன். கீழ எறக்கப் போறதில்லை. அதையும் எழுதுங்க."

"சரிங்க. நான் ஒண்ணும் சொல்லலீங்க. நாளைக்கு இன்னொருத்தர் கேட்டா நான் பாத்துக்கறேன். செல்வினுக்கு மட்டும் என்னங்க பதில் சொல்றது?"

உள்ளே ஞானம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

ரிசீவரை வைத்துவிட்டேன்.