நான் மஞ்சளாக்கிய நான்கு ஹெல்மெட்டுகள்

அண்ணா,

இன்று காலையிலிருந்து ஹாஸ்டல் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். நீல நிற எனாமல். வராந்தா முழுக்க டர்பன்டைன் நெடி. என் அறையில் இருக்கும் மற்ற மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கேன்டீனுக்கு ஓடிவிட்டார்கள். நான் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குள் கல்லூரி இதழின் அட்டையை முடித்துக் கொடுக்க வேண்டும். லேப்டாப் திறந்தபடியே கிடக்கிறது, ஒரு எழுத்துகூட நகரவில்லை. அந்த நெடி வந்ததும் நீ வந்துவிட்டாய். உன்னிடம் சொல்லாமலே விட்ட ஒன்றும் கூடவே வந்துவிட்டது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் விஸ்காம் இரண்டாம் வருடம். நீ நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட். நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளிப் போட வேண்டும், பெல்ட்டைத் தாங்கும் ரோலர்களில் சுற்றாமல் மாட்டிக்கொண்டது எது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்து என்றா சொன்னேன்? நீ கேட்டுத்தான் சொல்வாயாம். மைல் கணக்கில் ஓடுகிற பெல்ட்டில், அத்தனை இரைச்சலுக்கு நடுவே, கெட்டுப்போகப் போகிற ஒரே ஒரு ரோலரின் சத்தம் உன் காதில் தனியாக விழுமாம். உன்னோடு வேலை பார்த்த, உங்கள் பேண்டில் கிடார் வாசித்த ரவி அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் உன்னிடம் கேட்டபோது, "அது ரெண்டு நாள் முன்னாடியே அழுதுகினு இருக்கும் பாப்பா, யாராச்சும் நின்னு கேட்டாத்தானே" என்றாய். நீ கதை விடுகிறாய் என்று நினைத்தேன். உன் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றுவிட்டுப் போனேன்.

உன் ட்ரம்ஸ் செட்டை நான் அப்போது மதித்ததே இல்லை. ஏதோ ஒரு சர்ச்சில் புதுசு வாங்கியதும் கழித்துப் போட்ட பழைய செட் அது. குறிஞ்சிப்பாடி பக்கம் ரவி அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்தீர்கள். மாடு பால் குறைவாகக் கறக்கிறது என்று அவர்கள் வீட்டில் சண்டையே வந்தது. அம்மா அதற்கு வைத்த பெயர் தகர டப்பா. "தகர டப்பாவ தட்டிக்கினு திரியிறான், எவன் இவனுக்குப் பொண்ணு குடுப்பான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவாள். அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்குக் கடைசிவரை வராத பர்மனென்ட் ஆர்டர் உனக்காவது வர வேண்டும். டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருக்கிற வாடகை வீட்டிலிருந்து உள்ளே ஒரு குவார்ட்டர்ஸுக்குப் போக வேண்டும்.

டவுன்ஷிப் சமுதாயக் கூடத்தில் உங்கள் நாலு பேருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேடை கிடைத்தபோது, "போஸ்டர் நீ பண்ணு பாப்பா" என்று என்னிடம் சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை நான் செய்ததெல்லாம் இல்லாத பாடகருக்கும் நடக்காத கச்சேரிக்கும், மதிப்பெண்ணுக்காகச் செய்த போஸ்டர்கள். இதுதான் முதல் நிஜம். ஷிப்ட் முடிந்து வந்த கோலத்திலேயே உங்களை ரோட்டோர மண்மேட்டுக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தேன். முகமெல்லாம் கரி, தலையில் ஹெல்மெட். நீ எதற்கோ வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள் முதல் வேலையாக முகத்தை வெளுப்பார்களே, அதை நான் செய்யவில்லை. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அதில் எனக்கு ஒரே பெருமை, ஏதோ புரட்சி செய்துவிட்ட மாதிரி. ஆனால் உங்கள் ஹெல்மெட் நீலம். பின்னால் மண்ணின் பழுப்பு, கீழே கரியின் கறுப்பு, நடுவில் அந்த நீலம் அமுங்கிப் போயிருந்தது. கண் முதலில் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். லேப்டாப்பில் நான்கு ஹெல்மெட்டையும் தேர்வு செய்தேன். மஞ்சளாக்கினேன். போஸ்டர் பளிச்சென்று எழுந்து நின்றது.

உங்களுக்குக் காட்டாமல் அசத்த வேண்டும் என்று ஆசை. கடலூரில் அச்சடித்து, அச்சகத்து ஆட்களையே ஒட்டவும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை விடிந்தபோது மார்க்கெட் சுவர், பஸ் நிறுத்தங்கள், சுரங்க வாசல் டீக்கடை என்று முப்பது இடத்தில் நீங்கள் நின்றீர்கள், மஞ்சள் ஹெல்மெட்டோடு.

நெய்வேலியில் வளர்ந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், உங்கள் சுரங்கத்தில் ஹெல்மெட் நீலம் என்றால் கான்ட்ராக்ட், மஞ்சள் என்றால் பர்மனென்ட். ஷிப்ட் பஸ்ஸில் நீ ஏறியதுமே ஆரம்பித்துவிட்டார்களாம். "எப்பப்பா ஆர்டர் வந்துச்சு? எங்களுக்கு ஸ்வீட் இல்லியா?" என்று ஒருவர். "போஸ்டர்லயாவது ஆயிட்டாங்களே, விடுங்கப்பா" என்று இன்னொருவர். அதைக்கூடத் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். ரவி அண்ணனுக்குக் காடாம்புலியூரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் மாமா எங்கள் மார்க்கெட்டுக்கு முந்திரி போட வந்தவர், போஸ்டரைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்திருக்கிறார். "மாப்ள, சொல்லவே இல்லியே, சந்தோஷமுங்க!" ரவி அண்ணன் நடு ரோட்டில் நின்று, இல்லைங்க, அது படத்துல மட்டும்தாங்க என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

நாலு மணிக்கு நீ வீட்டுக்கு வந்தாய். பாராட்டு வாங்கத் தயாராக நான் வாசலிலேயே நின்றேன். நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாப்பா, ஹெல்மெட்டு ஏன் மஞ்சளா இருக்குது?"

"அது கலர் பேலன்ஸ் அண்ணா. நீலம் எடுபடல. கண்ணு நிக்கிறதுக்கு..."

"கலருக்காகத்தான் பண்ணினியா?"

"ஆமா."

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு பஸ்ஸில் நடந்ததையும் ரவி அண்ணனுக்கு வந்த போனையும் சொன்னாய். கத்தவில்லை. "உங்க காலேஜ்ல எந்தக் கலரு நல்லா இருக்கும்னு சொல்லித் தராங்க. அது யாரு கலருன்னும் கேட்டுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய்.

நான் சொன்ன அந்த 'ஆமா' பொய், அண்ணா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கலருக்காக மட்டும் என்றால் சிவப்பு போட்டிருக்கலாம், ஆரஞ்சு போட்டிருக்கலாம். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரியின் அப்பா டவுன்ஷிப்பில் அதிகாரி. முதல் வாரத்திலேயே, "உங்க அண்ணன் பர்மனென்ட்டா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டேன். அவள் அந்தக் கச்சேரிக்கு வருவதாக இருந்தாள். மவுஸைப் பிடித்திருந்த கைக்கு அது தெரியும். உன்னைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன் என்பதை என்னிடமே ஒப்புக்கொள்ளாமல், கலர் தியரி பேசி மூடி வைத்தேன்.

மறுநாள் உனக்கு வார ஓய்வு. ஆறு மணிக்கே எழுப்பினாய். பொங்கலுக்கு ஜன்னலுக்கு அடித்தது போக மீந்த நீல பெயின்ட் டப்பா உன் கையில். "வா, பின்னாடி ஒக்காரு. டப்பாவ புடிச்சிக்கோ, சிந்தாம."

முப்பது போஸ்டர், நூற்றிருபது ஹெல்மெட். பிரஷ்ஷைக் கொடு, நான் அடிக்கிறேன் என்று கெஞ்சினேன். கொடுக்கவில்லை. மார்க்கெட் சுவரில் நீ அடித்த முதல் ஹெல்மெட் கோணலாக வந்தது, ரவி அண்ணனின் நெற்றியில் பெயின்ட் வழிந்தது. எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆறாவது ஏழாவது போஸ்டரில் உன் கைக்கு வளைவு பிடிபட்டுவிட்டது. ஒரே இழுப்பு, மேலிருந்து விளிம்புவரை. தாளில் எண்ணெய் ஊறி, ஒவ்வொரு ஹெல்மெட்டைச் சுற்றியும் மெல்லிய ஈர வட்டம் படர்ந்தது. வெயில் ஏறியதும் அந்த நீலம் மின்ன ஆரம்பித்தது. நான் பைக் பக்கத்தில் டப்பாவோடு நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அச்சில் அமுங்கிப்போன அதே நீலம்தான். உன் பிரஷ்ஷிலிருந்து தடிமனாக, ஈரமாக வந்ததும் வேறு எங்கும் கண் போகவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்து நான் தேடிய இடத்தில் நீ வெகு சாதாரணமாக நின்றுகொண்டு, "பாப்பா, கொசுவர்த்தி வாங்கணும்னு அம்மா சொன்னாங்க, ஞாபகப்படுத்து" என்றாய்.

சுரங்க வாசல் டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. முந்தின நாள் ஸ்வீட் கேட்டவரும் அதில் இருந்தார். "ஏம்ப்பா, நல்லாத்தானே இருந்துச்சு, மறுபடியும் ஏன் இறக்கிக்கிற?" என்றார். நீ திரும்பாமலே, "இறக்கலீங்க. எங்களுத எங்களுக்கு எடுத்துக்கிறோம்" என்றாய். யாரோ உனக்கு ஒரு டீ நீட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு முன்னால் முதல் இரண்டு வரிசை நாற்காலி வழக்கம்போல் அதிகாரிகளுக்கு. அதற்குப் பின்னால் பார்த்தேன். முதல் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்த கான்ட்ராக்ட் ஆட்கள், மடியில் ஹெல்மெட். வரிசை வரிசையாக நீலம். உங்கள் பாட்டைக் கேட்டறியாதவர்கள், போஸ்டரைப் பார்த்து வந்தவர்கள். நீ குச்சியை எடுத்து ஒரு தாளத்தை ஆரம்பித்தாய். சீராகப் போய்க்கொண்டே இருந்தது, பிறகு ஓர் இடத்தில் மட்டும் கிறீச்சென்று இடறியது, மறுபடி சீரானது, மறுபடி அதே இடத்தில் இடறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்வரிசைகள் மட்டும் குபீரென்று சிரித்தன. "ரோலர் மாட்டிக்கிச்சு டோய்!" என்று ஒரு குரல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ கதை விடவில்லை. தினமும் நீ நின்று கேட்டதைத்தான் அங்கே வாசித்துக்கொண்டிருந்தாய். அவர்கள் ஒவ்வொருவராக மடியில் இருந்த ஹெல்மெட்டில் விரல் முட்டியால் தட்ட ஆரம்பித்தார்கள். கூடம் முழுக்க அந்தச் சத்தம் ஏறியது. முன்வரிசை அதிகாரி ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலிக் கையில் தட்டினார். இத்தனை வருடம் உன்கூடவே வளர்ந்தேன், உன் தட்டிலிருந்து அப்பளம் திருடினேன். நீ யார் என்று அன்றுதான் பார்த்தேன்.

கச்சேரி முடிந்து என் ஹாஸ்டல் தோழி உன்னிடம் வந்தாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே நீ, "வணக்கங்க, நான் கான்ட்ராக்ட்டு. கன்வேயர் கிளீனிங்" என்று கை கூப்பினாய். என்னைப் பார்க்கவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை. நானாவது உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அடுத்த ஐப்பசி மழையில், வடலூர் ரோட்டில் உன் பைக் சறுக்கியது. அதை நான் எழுதப் போவதில்லை.

நீ வீட்டுக்கு வருவதற்கு முன்பே ரவி அண்ணனும் மற்ற இருவரும் வந்துவிட்டார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும். "போட்டோ மட்டும் குடும்மா, கடையில பாத்துக்கிறோம்" என்றார் ரவி அண்ணன். வேண்டாம், நானே செய்கிறேன் என்று லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தேன். உன் நல்ல படம் அது ஒன்றுதான் இருந்தது, மண்மேட்டுக்குக் கீழே நீ சிரித்த படம். திரையில் நீ பெரிதாக வந்ததும் அம்மா சுவரை விட்டு நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரலே இல்லை.

"பாப்பா... அன்னைக்கு மஞ்சளா பண்ணினியே. அந்த மாதிரி பண்ணுடி. இப்பவாவது பர்மனென்ட் ஆயிட்டுப் போவட்டும் எம்புள்ள."

நான் மறைத்து மறைத்து ஆசைப்பட்டதை அவள் வாய் விட்டுக் கேட்டுவிட்டாள். ஒரே ஒரு சொடுக்கு. யார் வந்து தடுக்கப் போகிறார்கள்? முடியாது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, செய்யவும் கை வரவில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் திரையில் உன் ஹெல்மெட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"திட்டுவானா?"

"திட்டுவான்மா."

"அப்ப வேணாம்."

பெயரை அடித்தேன், வயதை அடித்தேன். அதற்குக் கீழே வேலையைப் போடுவார்கள். அங்கே வந்ததும் கை நின்றுவிட்டது. கான்ட்ராக்ட் தொழிலாளி என்று போடலாமா என்று ரவி அண்ணனைப் பார்த்தேன். அம்மாதான் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

"ட்ரம்ஸ் வாசிக்கிறவன்னு போடு."

போட்டேன், அண்ணா. உன் பெயரின் அளவுக்கே பெரிதாகப் போட்டேன். அதற்குப் பிறகு நிறைய அட்டைகளும் போஸ்டர்களும் செய்துவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் படத்தில் இருப்பவரைத் தேடிப்போய்க் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். தாமதம் என்று திட்டு வாங்குகிறேன், அது பழகிவிட்டது. "உன் அண்ணன் என்ன செய்தார்?" என்று புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்பதுண்டு. சுரங்கத்தில் கான்ட்ராக்ட், ட்ரம்ஸ் வாசிப்பார் என்று சொல்கிறேன். இப்போதெல்லாம் சொல்லும்போது என் குரல் தாழ்வதில்லை. நீ பக்கத்தில் நிற்கும்போது ஒரே ஒரு முறை அப்படிச் சொல்லியிருக்கலாம்.

உன்,
பாப்பா