மெயின் சுவிட்ச் அணைவதற்குள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் காட்ட வேண்டாம். பக்கத்துத் தெருவில் தறிக்கொட்டகை வைத்திருக்கும் என் தோழியின் வீட்டில் காட்டவே வேண்டாம். இது அவளுக்கு எழுதுவது. அவள் தை மாதம் காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

அறையெல்லாம் சந்தன வாசம். நாளை ஆயுத பூஜை. அம்மா சாயங்காலமே சந்தனம் கரைத்து கிரைண்டருக்கும் தையல் மெஷினுக்கும் அப்பாவின் வண்டிக்கும் பொட்டு வைத்துவிட்டார். என் பிளஸ் டூ புத்தகங்களையும் அண்ணனின் லேப்டாப்பையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார். பூஜை முடியும்வரை அவற்றைத் தொடக்கூடாது, எழுதவும் கூடாது. எல்லாரும் தூங்கிய பிறகு லேப்டாப்பை எடுத்து வந்துவிட்டேன். மூடியில் இருந்த குங்குமம் என் கட்டைவிரலில் ஒட்டியிருக்கிறது. அப்பா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்: "பரிச்சை முடியறதுக்குள்ள கம்ப்யூட்டர்ப் பக்கம் உன்னைப் பாத்தேன், படிப்பு இந்த வருசத்தோட செரி." அவர் சொன்னால் செய்வார். அது உனக்கே தெரியும்.

போன வருடம் இதே சந்தனத்தை உன் அப்பா உன் சர்வருக்கு வைத்தார். சேலை பார்டர் டிசைன் போட வாங்கி, பழசானதும் கொட்டகையின் பக்கத்து அறையில் போட்டிருந்த கம்ப்யூட்டர் அது. அதைத்தான் நீ வெப் சர்வர் ஆக்கினாய். வகுப்பில் யாராவது பாடம் தவறவிட்டால் போனில் கேட்டுக்கொள்ளட்டும் என்று உன் குரலில் பதிவு செய்து அதில் வைக்க ஆரம்பித்திருந்தாய். அன்றைக்கு அவர் மெயின் சுவிட்சை அணைக்கப் போனபோது நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"அப்பா, இது சர்வருங்க. எந்நேரமும் ஓடோணுமுங்க."

"தறியே நிக்குது. இது என்ன தறியவிடப் பெரிய ஆளா? வருசத்துல ஒரு நாள் அதும் உக்காரட்டும் சாமி."

உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது. ராசிபுரத்திலிருந்து வந்த ரிப்பேர்க்காரர் எப்படியோ ஓட வைத்துவிட்டு, "டிஸ்க் தேஞ்சுபோச்சு பாப்பா. இன்னொருக்கா நிறுத்துனா எந்திரிக்காது" என்றார். நீ ஒரு பழைய யுபிஎஸ் தேடிப் பிடித்து மாட்டினாய். கரண்ட் போனாலும் அரை மணி நேரம் தாங்கியது. நீ போன பிறகு அந்த அறைக்குள் யாரும் நுழையவில்லை. அதனால்தான் அது இன்னும் ஓடுகிறது.

இன்று சாயங்காலம் உங்கள் கொட்டகையில் தறிகளுக்குக் காற்றடித்துப் பஞ்சு தட்டும் சத்தம் கேட்டது. காலை ஐந்து மணிக்கு மெயினை அணைத்துவிட்டு எல்லா அறையையும் கழுவப் போகிறார்களாம்.

அணைக்க வேண்டாம் என்று நான் போய்ச் சொல்லியிருக்கலாம். "அந்த ஊட்டுக்குப் போகாதே. உன்னப் பாத்தா அவங்களுக்கு அவ நெனப்பு வந்துரும்" என்று அம்மா தடுத்து வைத்திருக்கிறார். அதைக்கூட மீறியிருப்பேன். ஆனால் ஏன் அணைக்கக்கூடாது என்று கேட்டால் சர்வரின் லாக், அதாவது அதன் வருகைப் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், எதைக் கேட்டார்கள், என்ன பதில் போனது என்று வெப் சர்வர் ஒவ்வொரு வரியாக எழுதி வைக்கும் என்று நீதான் காட்டினாய். 200 என்றால் கேட்டதைக் கொடுத்துவிட்டது. 206 என்றால் கேட்ட துண்டை மட்டும் கொடுத்தது. 404 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை. உள்ளே போகும் கடவுச்சொல்லையும் எனக்குக் கொடுத்திருந்தாய். மாசி மாதம் ஒருநாள் அண்ணன் ஊருக்கு வந்திருந்தபோது, இன்னும் ஓடுகிறதா என்று பார்க்க இந்த லேப்டாப்பில் நுழைந்தேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு வரி. உங்கள் வீட்டு வைஃபையிலிருந்து ஒரே போன். பதினாலாம் ஒலிக்கோப்பு. 206. அந்தப் போன் முழுப் பாடத்தையும் கேட்கவில்லை, நடுவிலிருந்து கொஞ்சம் மட்டும்.

நானும் அந்த இடத்திலிருந்து போட்டுக் கேட்டேன். சர்வர் பாடம். "பேரைச் சொன்னா முகவரி எதுன்னு சொல்றது நேம் சர்வர். அந்த முகவரியில உக்காந்துக்கிட்டு, கேக்கற பக்கத்தை எடுத்துக் குடுக்கறது வெப் சர்வர். வர்ற மெயிலை வாங்கி வெக்கறது மெயில் சர்வர், தகவலை வகைவகையா அடுக்கி வெக்கறது டேட்டாபேஸ் சர்வர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெஷின் வேணும்னு இல்லீங்க. எங்க அப்பா ஒருத்தரே தறியும் ஓட்டி, சேலையும் மடிச்சு, கடைக்கும் கொண்டுபோற மாதிரி, எல்லாம் ஒரே மெஷின்லயும் ஓடும்." அப்போது தூரத்தில் உன் அம்மா: "சாமி, சோறு ஆறுது!" நீ: "வாரேனுங்கம்மா, ரெண்டே நிமிசம்!"

அதை வெட்டச் சொன்னேன், நினைவிருக்கிறதா? "இருக்கட்டும் புள்ள, தூங்கறவளுக எந்திரிப்பாளுக" என்று சிரித்தாய்.

உன் அப்பா உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாராம். அவர் சேலை கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பும் நேரம்தான் ஏழு மணி. உன் அம்மா யாருக்கும் தெரியாமல் கேட்பதை நான் எப்படி உங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்வது?

நாளை ஏழு மணிக்கு அந்தப் போன் கேட்கும்போது 404கூட வராது. இல்லை என்று சொல்வதற்கும் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் உன் பாடத்தில் சொன்னதையே செய்கிறேன். பெயர் வேறு, முகவரி வேறு. எல்லாக் கோப்புகளையும் நகல் எடுத்து, இலவசமாக இடம் தரும் வேறொரு சர்வரில் வைத்துவிட்டு, நேம் சர்வரில் உன் பெயரிலுள்ள தளத்துக்குப் புது முகவரியை எழுதிவிட்டால் போதும். உன் அம்மா வழக்கம்போல அதே பெயரைத் தொடுவார். இடம் மாறியது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பதினாலைத்தான் முதலில் எடுத்தேன். மற்ற இருபத்திரண்டும் இப்போது ஏறிக்கொண்டிருக்கின்றன. லாக்கைத் திறந்தே வைத்திருக்கிறேன். சற்று முன் ஒரு புது வரி விழுந்தது. அதே போன், அதே கோப்பு. இந்த நேரத்தில் உன் அம்மாவும் தூங்கவில்லை. அந்தத் தேய்ந்த டிஸ்க் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உன்னைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

வகுப்பில் உன் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். உன்னிடமிருந்து எனக்கு வந்த பொருள் என்று எதுவும் இல்லை, ஒரு கடவுச்சொல் மட்டும். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. யாராவது எதையாவது கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கக்கூடாது என்று நீ சொல்வாய். நான் இன்னும் அப்படி ஆகவில்லை, வகுப்பில் பேசவே பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் செய்துவிட்டேன்.

ஏறி முடிந்தது. முகவரியை மாற்றிவிட்டேன். காத்திருந்து, உன் பெயரை அடித்துப் பதினாலைத் திறந்தேன். பழைய மெஷினின் லாக்கில் என் வரி விழவில்லை. அப்படியென்றால் புது இடத்திலிருந்துதான் வருகிறது. உன் அம்மாவைப் போலவே நடுவிலிருந்து போட்டேன். இயர்போன் சொருக மறந்துவிட்டேன். அறை முழுக்கக் கேட்டது, வாரேனுங்கம்மா, ரெண்டே நிமிசம்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா.

"சாமி, உள்ள யாரு பேசறது?"