கிணற்று ஜலம் உள்ளவரை

10 பிப்ரவரி 2001, சின்ன காஞ்சிபுரம்

வேன் தயார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோன பழைய மெட்டாடர்தான். ஓரிக்கை மெக்கானிக் தனசேகரன் ஸீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரு பக்கம் படுக்கையும் மறுபக்கம் அடுப்பு மேடையும் போட்டுக் கொடுத்திருக்கிறான். "இன்னா டீச்சரம்மா, வண்டி வண்டின்னு சொல்லிக்கினு வூட்டையே கட்ட வச்சிட்டீங்களே!" என்று சிரித்தான்.

முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவள் நான். கரும்பலகையில் எத்தனை மலை ஏரி வரைந்திருப்பேன்! ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆத்துக்காரர் வெளியில் கை நனைக்க மாட்டார், அதனால் எங்கும் போனதில்லை. அடுக்களையே கூட வந்தால் என்ன சொல்வாராம்?

11 பிப்ரவரி

அதற்கும் ஒரு நிபந்தனை வைத்துவிட்டார். வெளியூர்க் குழாயில் தோல் வாஷர் இருக்குமாம்; தோல் பட்ட ஜலம் மடிக்கு ஆகாதாம். "நம்மாத்துக் கிணத்து ஜலத்துலதான் பெருமாளுக்குத் தளிகை. அது தீர்ந்துதுன்னா அந்த இடத்துலயே வண்டியைத் திருப்பணும். சம்மதமா?"

"சம்மதம், ன்னா."

பெரிய எவர்சில்வர் டிரம்மை விளிம்பு வரை நிரப்பினேன். கொடைக்கானல் ஏரியைப் பார்க்காமல் நானாவது திரும்புவதாவது!

13 பிப்ரவரி, ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவு, நானே ஓட்டினேன். ஒரு பாத்திரம் உருளவில்லை. இவர்தான் கண்ணை மூடிக்கொண்டு ஜபம் பண்ணியபடி அப்படியும் இப்படியும் உருண்டார்.

என் முதல் மலை ஏரி. இவர் கரையோரம் ரொம்ப நேரம் நடந்துவிட்டு வந்து, "இத்தனை ஜலம் இருக்கு, ஒரு படித்துறை கூடக் காணுமே?" என்றார். கோயில் குளத்தையே பார்த்த கண். ஆனால் சாயங்காலம் கூப்பிடாமலே மறுபடி போய் நின்றார்.

டிரம் பாதிக்கு வந்துவிட்டது. இந்தக் கணக்கில் போனால் கொடைக்கானல் எட்டாது.

14 பிப்ரவரி

அரிசி களைந்த ஜலத்திலேயே பாத்திரம். இவருக்கு இரண்டாவது காபி கிடையாது. முணுமுணுக்கட்டும்.

16 பிப்ரவரி, கொடைக்கானல் மலைப்பாதை

பார்த்தாயா! டிரம் பாதிக்குக் கீழே இறங்கவே இல்லை. சிக்கனத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊரில் எத்தனை விசில் விட்டாலும் விறைத்து நிற்கும் துவரம்பருப்பு நேற்றும் இன்றும் வெண்ணெயாய்க் குழைந்தது. எல்லாம் கைப்பக்குவம்தான்.

"காபி பேஷா இருக்கே இன்னிக்கு" என்றார். சொல்லிவிட்டு ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராத்திரி வண்டியை ஓர் ஓடைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னதும் இவர்தான்.

17 பிப்ரவரி

விடியும் முன்பே விழிப்பு வந்தது. பருப்பு ஞாபகம். நம் கிணற்று ஜலம் கொஞ்சம் உப்பு; அதில் பருப்பு எப்படிக் குழையும்?

பக்கத்தில் இவரைக் காணோம். ஜன்னல் வழியே பார்த்தேன். தலையில் மஃப்ளர், இடுப்பில் ஈர வேஷ்டி. குளிரில் நடுங்கிக்கொண்டே ஓடையில் சொம்பு சொம்பாய் மொண்டு, மேல்வேஷ்டியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்கதவுக்கு வந்தார். சட்டென்று படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். டிரம்மில் ஜலம் விழும் சத்தம், மெள்ள, மெள்ள.

என் சிக்கனமாம், சிக்கனம்! சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துடுத்து. சொன்ன சொல்லை மாத்தாத மனுஷன் — எனக்காகவா இதெல்லாம்? இல்லே, இவருக்கே திரும்ப மனசு வரலையா? கேக்கலாமா? வேண்டாம். கேட்டா ஒத்துக்கவே மாட்டார்.

18 பிப்ரவரி, கொடைக்கானல்

ஏரி!

நட்சத்திர வடிவம் என்று வருஷா வருஷம் வரைந்தேன். கரையில் நின்றால் ஒரு முனையும் பிடிபடவில்லை. மூடுபனி விலக விலக ஜலம் வந்துகொண்டே இருக்கிறது. வாய்விட்டு அழுதேன், வெட்கமே இல்லாமல். இவர் மேல்வேஷ்டியை நீட்டினார். அது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

தளிகை ஆகிச் சாப்பிட்டு முடித்த பிறகு, ஏரியைப் பார்த்தபடியே கேட்டார்: "இங்கேர்ந்து மூணாறு ரொம்ப தூரமோ?"

"ஒரு நாள் போதும், ன்னா."

"ஜலம் இருக்கோ, பாரு."

டிரம் மூடியைத் திறக்காமலேயே சொன்னேன்: "நிறைய இருக்கு. நம்மாத்துக் கிணறாச்சே!"