காலி வரியில் ஒரு ஹாஷ்

நேற்று ஆபீசில் புதிதாகச் சேர்ந்த கவிதா பழைய நிரல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சார், காலி வரி இருக்க வேண்டிய எடத்துலெல்லாம் தனியா ஒரு # இருக்கு. யாரு இப்டி எழுதுனது? எடுத்துடட்டுமா?"

"கை வைக்காதே" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அவள் முகம் சுருங்கியது. யார் எழுதியது என்பதற்குப் பதில் சொல்லாமல் என் இடத்துக்குத் திரும்பிவிட்டேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ இறந்து மூன்று வருடம் ஆகிறது.

நாம் இருவரும் ஒரே நாளில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தவர்கள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடல் எவ்வளவு மணலைத் தின்கிறது என்று அளப்பது வேலை. நாடாவைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தது பெரும்பாலும் நீதான். கோவளத்துக்காரன், எந்தக் குப்பத்தில் யார் திட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும். திருப்போரூர் வழியாகப் பஸ் பிடித்து செங்கல்பட்டு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தால் உன் நாற்காலிக்கடியில் மணல் உதிர்ந்து கிடக்கும்.

"யப்பா, கடல வூட்டுலயே வுட்டுட்டு வரமாட்டியா?" என்பார் பெருக்குகிற அக்கா.

"பஸ்ஸுல அதுக்கு டிக்கெட் கேக்கலக்கா. அதான் கூடவே வந்துடுச்சி."

பைத்தான் என்ற நிரல்மொழியை இருவரும் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டோம். எழுதிய வரியை உடனே ஓட்டிக் காட்டும் அந்தக் கறுப்புத் திரையில் நீ ஒவ்வொரு வரியாகத் தட்டுவாய். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. முப்பது வரியை மொத்தமாக நகலெடுத்து ஒட்டுவேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. சேர்ந்து ஓட வேண்டிய வரிகளை உள்தள்ளி எழுதிய தொகுப்பின் நடுவே காலி வரி வந்தால், தொகுப்பு அத்தோடு முடிந்தது என்று அந்தத் திரை எடுத்துக்கொள்ளும். மிச்ச வரிகள் அறுந்து நிற்கும். எனக்காகத்தான் நீ காலி வரிகளில், கணினி ஓட்டாமல் விட்டுவிடும் குறியான # போட ஆரம்பித்தாய்.

"நீ ஒட்டாம இருக்கமாட்ட மச்சான். காலியா வுட்டா முடிஞ்சிபோச்சின்னு நெனச்சிக்கும். ஒரு ஹாஷ் கீதுன்னு வை, கம்முனு தாண்டிப் பூடும்."

எனக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. நம் அளவுக் கோப்புகளையெல்லாம் புதிய இடத்துக்கு மாற்ற நீ ஒரு நிரல் எழுதித் தந்தாய். கவிதா நேற்றுத் திறந்தது அதைத்தான். அதை நகலெடுத்து, நகலில் இருந்த # அத்தனையையும் அழித்துச் சுத்தம் செய்தேன். ஒட்டினேன். கோப்பைப் படிக்கும் வரியோடு தொகுப்பு முடிந்துபோனது. புதிய இடத்தில் எழுதும் வரிகள் பிழை காட்டி நின்றன. கடைசி வரி மட்டும் உள்தள்ளாமல் ஓரத்தில் இருந்ததால் ஒழுங்காக ஓடியது. பழைய கோப்புகளை அழிக்கும் வரி அது.

ஒன்றரை வருட அளவு போயிற்று. தாளில் குறித்து வைத்திருந்ததில் பாதி ஏற்கெனவே மழையில் நனைந்து எழுத்தழிந்திருந்தது. நம்மில் ஒருவரை மட்டும் நிரந்தரமாக்கப் போவதாக அந்த மாதம்தான் சொல்லியிருந்தார்கள்.

தலைமைப் பொறியாளர் வந்து நின்றார். "யாருப்பா ஓட்டினது?"

பேச வாயெடுத்தேன் என்று இப்போது பொய் சொல்லமாட்டேன். வாயெடுக்கவே இல்லை.

"நான்தான் சார்" என்றாய் நீ.

கொளவாய் ஏரிப் பக்கம் டீக்கடையில் நின்றபோதுதான் எனக்குக் குரல் வந்தது. "ஏன்டா அப்டி சொன்ன?"

"உன் வூட்ல நீ ஒருத்தன்தான் சம்பாரிக்கிற. எனுக்கு இன்னா? படகு கீது, அண்ணன் கூட ஏறிட்டுப் போறேன். மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு பேஜாரு பண்ணாத. டீ ஆறுது பாரு."

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்ததும் உன்னைப் போகச் சொன்னார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த வருடம் மஞ்சள் காமாலையில் நீ போனாய்.

கோவளத்தில் உன் வீட்டு வாசலில், ஏதாவது பேச வேண்டுமே என்று உன் அண்ணனிடம் கேட்டேன். "படகை இனிமே யாருண்ணா பாத்துக்குவாங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "படகா? அத வித்து ரெண்டு வருசம் மேல ஆச்சே நைனா."

கணக்குப் போட எனக்குத்தான் தெரியுமே. நீ டீக்கடையில் நின்று அதைச் சொன்ன நாளில் உங்கள் வீட்டில் படகு இல்லை.

இன்று காலை தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனேன். "சார், அன்னிக்கி அளவையெல்லாம் அழிச்சது நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னிக்கிப்பா?"

அவருக்கு நினைவே இல்லை. உன் பெயரைச் சொன்னேன். "ஆமா, இருந்தான்ல ஒரு பையன்" என்றார். திட்டு வாங்கத் தயாராகப் போனவனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

கவிதாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்பல்லாம் எத்தன வரி ஒட்டுனாலும் முழுசா வாங்கிக்குது சார், இந்த # தேவையில்ல" என்றாள். தேவையில்லைதான். ஆனாலும் நான் போடுகிறேன். அவசரக்காரனான நான் இப்போதெல்லாம் ஒட்டும் முன் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த நிரலின் தலையில் இரண்டு வரி சேர்த்தேன். முதல் வரியில் # போட்டு, எழுதியவன் என்று உன் பெயர். அடுத்த வரியில் # போட்டு, இந்த ஹாஷ்களை அழித்துவிட்டு ஓட்டியவன் என்று என் பெயர்.