கவுண்டரில் நான் சொன்னது

மார்ச் 3
தையல்காரியும் அவள் புருஷனும் வந்தார்கள். அவருக்கு எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கி இரண்டாவது மாதம். கிருமி இன்னும் அடங்கவில்லை. அவளுக்கு இல்லை. வராமல் இருக்கத் தினம் ஒரு தடுப்பு மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் என் மருந்துக் கவுண்டரில் ஆளுக்கொரு புட்டி, இலவசம்.
"மறக்காம போடறாராம்மா?"
"போடலன்னா சாப்பாடு கிடையாதுக்கா."
அவரும் சேர்ந்து சிரித்தார்.

மார்ச் 19
சுற்றறிக்கை. நிதி இல்லையாம், தடுப்பு மாத்திரை நிறுத்தம். நோய் வந்தவர்களுக்கு வழக்கம்போல் இலவசம். அதாவது, வராமல் தடுக்கக் காசில்லை. வந்துவிட்டால் ஆயுசுக்கும் கொடுக்கக் காசிருக்கிறது. எந்த மகராசன் மூளையோ!
கண்காணிப்பாளரிடம் போய்க் கத்தினேன். எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரப்பர் ஸ்டாம்ப். "மேலிடத்து முடிவும்மா, நான் என்ன பண்ண?" என்றார்.

ஏப்ரல் 2
அவளிடம் இல்லையென்று சொன்னேன். வெளிக்கடை விலை கேட்டாள். அவளுடைய அரை மாதக் கூலி. ஆணுறைப் பெட்டி கொடுத்தேன். பத்து வருஷமாகக் குழந்தைக்கு ஏங்குகிறவள், அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.
என் வாய்தான் சும்மா இருக்காதே. "உன் மாத்திரையில இருந்த மருந்து இவர் மாத்திரையிலயும் இருக்கும்மா. இவருக்குன்னா குடுக்கலாமாம், உனக்குன்னா கூடாதாம்!" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மே 4
அவர் பழைய புட்டியைக் காட்டினார். ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை. பாராட்டி அனுப்பினேன்.

ஜூன் 3
இந்த மாதமும் புட்டி சுத்தமாகக் காலி. எல்லாரும் இவர்களைப் போல இருந்தால் என் வேலை பாதி குறையும்.

ஜூலை 10
அவருக்குக் கிருமி ஏறியிருக்கிறது. எப்படி? டாக்டரம்மா திட்டத் திட்ட அவர் குனிந்த தலை நிமிரவில்லை. வெளியே வந்து அவள்தான் என்னிடம் சொன்னாள்.
"ஒரு நாள் அவரு, ஒரு நாள் நான். அதான் மாத்திரை போடறோமேன்னு நீங்க குடுத்த ஆணுறைப் பெட்டியைப் பிரிக்கவே இல்ல. நீங்கதானேக்கா சொன்னீங்க, ரெண்டுலயும் ஒரே மருந்துன்னு?"
அடிப்பாவி, பங்கு போட்டுக்கவா சொன்னேன்? புலம்பினதுடி அது! ஆனா சொன்னேன். சொல்லித் தொலைச்சேன். அந்த மாத்திரையைத் தினமும் முழுசாப் போட்டாத்தான் அவருக்கே வேலை செய்யும். அதைச் சொன்னேனா?
அவளுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 11
லீவு போட்டுவிட்டேன். முடிவை வேறு யாராவது சொல்லட்டும்.

ஜூலை 14
இரண்டு புட்டி கொடுத்தேன். அவள் பெயரும் இலவசப் பட்டியலில் ஏறிவிட்டது. ரப்பர் ஸ்டாம்ப் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். நிதி இல்லையென்று ஒருவரும் சொல்லவில்லை.
அவள் தன் புட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இனிமே அவரோடதுல நான் கை வைக்க வேண்டாம்லக்கா?"
"வேண்டாம்மா" என்றேன்.