பதினாறு வெற்றுக் கட்டங்கள்

உங்களைக் கொன்றது புற்று இல்லை அக்கா. பதினாறு நாள்தான் கொன்றது. அந்த நாட்களைத் திருடியவர்களில் நானும் ஒருவன்.

இன்று காலை ஊதா மை என் விரலில் கொட்டிவிட்டது. கதிர்வீச்சு சிகிச்சையில் கதிர் எங்கே விழ வேண்டும் என்று நோயாளியின் தோலில் கோடு போடுகிற மை. சோப்புக்குப் போகவில்லை. தேய்த்துக்கொண்டு நின்றபோது, நர்சம்மா உங்களுக்கு முதல் கோடு போட்ட நாள் நினைவுக்கு வந்தது. "வரப்பு போட்டாச்சு. இத எவனும் தள்ளிப் போட முடியாது" என்று திரைக்குப் பின்னாலிருந்து சிரித்தீர்கள்.

கருப்பை வாயில் கட்டி. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கணவர் போனபின் தனியாளாய் நீங்கள் உழுத குத்தகை நிலம். நான் கோபால்ட் எந்திரத்துக்குப் புதிதாக வந்த டெக்னீஷியன்.

"உள்ள எவ்வளவு தூரம் தம்பி போவும்?" என்று கேட்டீர்கள்.

தோலுக்குச் சற்றுக் கீழேதான் கதிரின் வீரியம் உச்சம், சதையைக் கடக்கக் கடக்கக் குறையும், உங்கள் கட்டியிருக்கும் ஆழத்தில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும் என்றேன்.

"அப்ப என் கட்டியும் கடைமடைதான்னு சொல்லுங்க. மேல உள்ளவன் குடிச்சது போவத்தான் நமக்கு."

"அதான் நாலு பக்கமும் மடை தொறக்கிறோம்க்கா. நாலும் கட்டியில போயி ஒண்ணு சேரும்."

"இந்தப் புத்தி ஆத்துல மடை தொறக்கிறவனுக்கு இல்லியே!"

சிகிச்சை கார்டில் தேதிக்கொரு கட்டம். பத்துக் கட்டம் நிரம்பியபோது தாலுகா ஆபீஸ் தாள் வந்தது. குத்தகைதாரராக உங்கள் பெயரைப் பதியச் சொல்லி மனுப் போட்டிருந்தீர்கள். நீங்கள் நிலத்தை விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டதாக நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் எழுதிக் கொடுத்திருந்தார். விசாரிக்க வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) நேரில் வருவார், நீங்கள் வயலில் இருக்க வேண்டும். மிராசுதார் அதற்குள் கட்சி மாறிக் கரைவேட்டி கட்டியிருந்தார். உழுபவருக்கே நிலம் என்று அவர் வீட்டு மதில் சுவரிலேயே எழுதியிருந்தது.

"ஒரு முறை தண்ணி தப்புனா அடுத்த முறையில சேத்து வுடுவாங்க. இங்கயும் சேத்துக் குடுத்துர மாட்டீங்களா தம்பி?"

வெளியே வரிசை நின்றது. "பாத்துக்கலாம்க்கா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நம்பிப் பஸ் ஏறினீர்கள். சேர்த்துக் கொடுக்க முடியாது. ஒருநாள் அளவை இரட்டித்தால் குடல் வெந்துவிடும். தினமும் கொஞ்சமாகக் கொடுப்பதே நல்ல சதை இடையில் தேறிக்கொள்ளத்தான். நிறுத்திவிட்டால் கட்டியும் தேறிக்கொள்ளும். எனக்கு இது தெரியும். சொல்ல ஒரு நிமிடம் போதும்.

நீங்கள் வரப்பில் நின்றீர்கள். தினமும் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு ஆர்.ஐ. சொன்னதும் அதே சொல்தான்: "பாத்துக்கலாம்." பதினாறாம் நாள் மிராசுதாரின் காரிலேயே ஆர்.ஐ. வந்து இறங்கினார். "நல்லாத்தானேம்மா நிக்கிறே? ஏதோ சீக்குன்னாங்க?"

"நிக்கலன்னா ஆளே இல்லேம்பீங்க, நின்னா சீக்கே இல்லேம்பீங்க. வுழுந்து காட்டட்டா சார்?"

திரும்பி வந்து இதை நீங்களே நடித்துக் காட்டினீர்கள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் உங்கள் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலில் கோடு அழிந்திருந்தது. புதிதாகப் போட்டு மிச்சத்தைக் கொடுத்தோம். கட்டி மசியவில்லை. நெல் அறுப்புக்கு முன்பே போய்விட்டீர்கள். உங்கள் பெயரைப் பதியும் உத்தரவு வரவேயில்லை.

இப்போது இன்னொரு தாள்தான் வந்திருக்கிறது. மறு விசாரணைக்கு நீங்கள் நேரில் ஆஜராக வேண்டுமாம். உங்கள் தங்கை கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

இன்று மதியம் அதை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் உங்கள் கார்டைத் தாசில்தார் மேஜையில் விரித்தேன். ஊதா விரலால் ஒவ்வொரு வெற்றுக் கட்டமாகத் தொட்டுக் காட்டினேன்.

"அந்தம்மா வரணும்னா இத்தன நாளையும் திருப்பிக் குடுங்க சார்."

அவர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் நகரவில்லை.

"பதினாறு நாள் சார். குடுங்க."